செவ்வாயின் பனிக்குல்லா பாதியாகிவிட்டதா? ஏற்காட்டில் வரைந்த இரண்டு படங்கள்

காப்பித்தோட்டம் | 30 மார்ச் 2025, இரவு 9.40

பொங்கல் முடிந்து நாலாம் நாள், ஜனவரி 18 இரவு, எஸ்டேட் களத்தில் காயப்போட்டிருந்த காப்பியை ஓரமாக ஒதுக்கிவிட்டு எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியை நிறுத்திச் செவ்வாயைப் பார்த்தேன். புனர்பூசத்து இரட்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் கங்கு மாதிரி இருந்தது. அந்த மாதம் 12-ஆம் தேதிதான் நமக்கு மிக அருகே, 9.6 கோடி கிலோமீட்டர் தூரத்தில், வந்து போயிருந்தது. வடக்கு ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைத் திட்டு. பார்த்தபடியே பென்சிலால் வரைந்து வைத்தேன்.

நேற்று அமாவாசை. மழை மேகம் இல்லை, மூடுபனியும் இல்லை. மறுபடி பார்த்து மறுபடி வரைந்தேன். திட்டு சிறுத்துவிட்டது. என் படத்தில் ஜனவரியில் 29 மில்லிமீட்டர் அகலம் இருந்தது, இப்போது 13 தான். எழுபது நாளில் பாதிக்கும் கீழே!

இரண்டு கேள்விகள். இவ்வளவு வேகமாகக் கரையுமா? செவ்வாயைச் சுற்றுகிற கலங்கள் இந்த மாற்றத்தை எப்படி அளக்கின்றன? படம் எடுத்துப் பார்ப்பது மட்டும்தானா?

தட்டுவடைசெட் | 30 மார்ச், இரவு 9.52

ஏற்காட்டிலேயே எல்லோரும் மங்கி கேப்பைக் கழற்றி வைத்தாயிற்று. செவ்வாய் மட்டும் போட்டுக்கொண்டு இருக்குமா அண்ணா?

பௌதிக டீச்சர் | 30 மார்ச், இரவு 10.35

விளையாட்டாகச் சொன்னாலும் தம்பி சொன்னது சரி. செவ்வாயின் வடபாதியில் இப்போது வசந்தம்.

அந்த வெள்ளையில் இரண்டு சமாச்சாரம் கலந்திருக்கிறது. அடியில் இருப்பது தண்ணீர்ப் பனி. வட துருவத்தில் சுமார் 1,000 கிலோமீட்டர் அகலத்துக்கு, சில இடங்களில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் தடிமனாக. அது கோடையிலும் அங்கேயே இருக்கும். அதன் மேலும், அதைத் தாண்டி வெகுதூரத்துக்கும், குளிர்காலத்தில் போர்வை மாதிரி விழுவது கரியமில வாயுப் பனி. கல்யாண மேடையில் புகை கிளப்பக் கொண்டுவருவார்களே, அந்த டிரை ஐஸ். செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கரியமில வாயுதான். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 125 டிகிரி வாக்கில் போனால் காற்றே உறைந்து தரையில் படிந்துவிடும்.

"கரைகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். கரைவதில்லைங்க, கற்பூரம் மாதிரிதான். தண்ணீராகாமல் நேரே ஆவியாகிப் போகும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பதங்கமாதல் என்று சொன்னால் முழிப்பார்கள், கற்பூரம் என்றால் உடனே புரிந்துகொள்வார்கள்.

இந்தப் போர்வை வருவதும் போவதும் சின்ன விஷயம் இல்லை. 1976-இல் இறங்கிய வைக்கிங் 1 கலம் நின்ற இடத்திலேயே காற்றழுத்தத்தை வருடக்கணக்கில் அளந்தது. சுமார் 7 மில்லிபாருக்கும் 9 மில்லிபாருக்கும் நடுவே ஏறி இறங்கியது. காற்றில் கால்வாசி துருவத்துக்குப் போய்ப் பனியாகப் படுத்துவிட்டுத் திரும்பி வருகிறது என்று அர்த்தம். துருவத்துக்குப் போகாமலேயே துருவத்தில் பனி விழுவது தெரிந்தது. எனக்கு இன்றும் சிலிர்க்கிற விஷயம் இதுதான்.

ஐந்துரோடு | 30 மார்ச், இரவு 11.20

ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ள வேண்டாம். செவ்வாயிலும் பனி குறைகிறது என்றால் அங்கே யார் கார் ஓட்டுகிறார்கள்? எந்த ஆலை புகை விடுகிறது? சூரியன்தான் சூடாகிறது என்று நான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பௌதிக டீச்சர் | 30 மார்ச், இரவு 11.31

வசந்தம் என்று இப்போதுதானே எழுதினேன்!

பதினாறுகண் | 31 மார்ச், காலை 6.15

ஐந்துரோடு நண்பருக்கு எங்கள் ஊர்க் கதை ஒன்று. மேட்டூர் அணையின் இரண்டு செயற்கைக்கோள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "அணை வற்றுகிறது பாருங்கள்" என்று ஒருவர் வாட்ஸப்பில் சுற்றவிட்டார். ஒன்று ஆகஸ்ட் மாதத்துப் படம், இன்னொன்று அடுத்த வருடம் மே மாதத்துப் படம். மே மாதத்தில் வற்றாமல் என்ன செய்யும்? ஜூன் 12 வந்தால் டெல்டாவுக்குத் திறக்க வேண்டும் என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதம் அது. ஒப்பிட வேண்டுமென்றால் மே மாதத்தை மே மாதத்தோடு வையுங்கள்.

இன்னொன்று. மேலிருந்து எடுத்த படத்தில் தண்ணீரின் பரப்பு தெரியும், ஆழம் தெரியாது. நாங்கள் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கிற நந்தியையும் தேவாலயக் கோபுரத்தையும் வைத்துக் கணக்குப் போடுவோம். கோபுரம் தலை நீட்டினால் ஒரு கணக்கு, நந்தி முழுசாகத் தெரிந்தால் ஒரு கணக்கு. செவ்வாயில் அப்படி ஏதாவது நந்தி உண்டா?

வெள்ளைக்கல் | 31 மார்ச், காலை 10.05

நந்தி உண்டு. அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

நான் முப்பது வருடம் வெள்ளைக்கல் சுரங்கத்தில் சர்வே பார்த்தவன். குவாரி எவ்வளவு ஆழமாயிற்று, குவியல் எவ்வளவு ஏறிற்று என்று மாதாமாதம் லெவல் எடுப்பதுதான் பிழைப்பு. அதனால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது கேமரா இல்லை, லேசர். 1997-இல் செவ்வாயை அடைந்த மார்ஸ் குளோபல் சர்வேயர் கலத்தில் மோலா என்றொரு லேசர் உயரமானி இருந்தது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வினாடிக்கு 10 முறை ஒளியைக் கீழே அடிக்கும். போய் மோதித் திரும்பி வருகிற நேரத்தை அளக்கும். ஒவ்வொரு அடியும் தரையில் நூற்றைம்பது மீட்டர் சுற்றளவுக்குள் ஒரு பொட்டு, அடுத்த பொட்டு 300 மீட்டர் தள்ளி. 2001 நடுவில் அது நிற்பதற்குள் 60 கோடிக்கு மேல் அளவுகள் எடுத்துவிட்டது.

திருத்தம்: "சுற்றளவு" என்று எழுதிவிட்டேன், குறுக்களவு. சர்வேயர் செய்யக் கூடாத பிழை.

ஒரே ஒரு அடியை நம்பிப் பனியை அளக்க முடியாது. கலம் இருக்கும் உயரத்திலேயே மீட்டர் கணக்கில் சந்தேகம் இருக்கும். அப்புறம் என்ன செய்தார்கள்? கலம் துருவத்தை ஒட்டியே சுற்றுவதால் அதன் பாதைகள் அங்கே ஒன்றையொன்று ஆயிரக்கணக்கில் வெட்டிக்கொள்ளும். கோணிப்பை நெசவு மாதிரி. ஒரு வெட்டுப் புள்ளியில் குளிர்காலத்தில் ஒரு அளவு, கோடையில் ஒரு அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் பார்த்து, லட்சக்கணக்கானவற்றைச் சராசரி எடுத்தால் பிழை சுமார் 10 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். அப்படிப் பார்த்ததில் துருவத்தருகே தரை குளிர்காலத்தில் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை உயர்ந்து, கோடையில் இறங்குவது 2001-இல் தெரிந்தது. ஆள் உயரப் போர்வை, அதை 400 கிலோமீட்டர் மேலே இருந்து அளந்திருக்கிறார்கள். நாங்கள் ஸ்டாஃப் என்கிற அளவுகோலைக் கையில் பிடித்துக்கொண்டே தப்பு விட்டிருக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், துருவத்தின் நட்டநடுப் புள்ளிக்கு நேர் மேலே கலம் போகாது. அதன் பாதை மூன்று டிகிரி சாய்வு. 87 டிகிரிக்கு அப்பால் ஒரு வட்டம் வெறுமையாகக் கிடக்கும். வீட்டை எல்லாம் கூட்டிவிட்டுக் குப்பையை நடு முற்றத்தில் விட்ட மாதிரி.

காப்பித்தோட்டம் தம்பிக்கு ஒரு கேள்வி. 29 மில்லிமீட்டர், 13 மில்லிமீட்டர் சரி. நீங்கள் வரைந்த வட்டத்தின் குறுக்களவு எவ்வளவு?

காப்பித்தோட்டம் | 31 மார்ச், மதியம் 1.30

ஐயா, நோட்டு மேலே பங்களாவில் இருக்கிறது, அளந்து சொல்கிறேன். அதற்குள் ஒரு கேள்வி. துருவத்தில் பல மாதம் தொடர்ந்து இரவு. போர்வை விழுவதே அந்த இருட்டில்தானே? கேமராவுக்கு என்ன வேலை?

பௌதிக டீச்சர் | 31 மார்ச், இரவு 8.10

கேமராவுக்கு வேலையே இல்லை. லேசர் தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுபோகிறது, அதனால் அதற்கு இரவு பகல் கிடையாது. இன்னும் மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று வெப்பம். செவ்வாயைச் சுற்றும் எம்ஆர்ஓ (மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர்) கலத்தில் உள்ள ஒரு கருவி அகச்சிவப்பில் காற்றை அடுக்கடுக்காகப் பார்க்கும். 2006-07 தென் குளிர்காலத் தரவில் துருவத்தின் மேல் 500 கிலோமீட்டர் அகலத்துக்குக் கரியமில வாயுப் பனிமேகம் நின்று பொழிந்தது தெரிந்தது. காற்று நேரே தரையில் உறைவது ஒரு பக்கம், நிஜமாகவே பனி பொழிவது இன்னொரு பக்கம்.

இரண்டு நியூட்ரான். விண்கதிர்கள் மோதும்போது செவ்வாயின் தரையிலிருந்து நியூட்ரான்கள் கிளம்பும். ஹைட்ரஜன் இருந்தால் அவற்றின் வேகத்தை அது குறைத்துவிடும். 2001-இல் போய்ச் சேர்ந்த மார்ஸ் ஒடிஸி இதை எண்ணித்தான் உயர் அட்சரேகைகளில் மண்ணுக்கடியில் தண்ணீர்ப் பனி ஏராளம் என்று சொன்னது. டிரை ஐஸில் ஹைட்ரஜன் இல்லை. ஆகவே குளிர்காலத்தில் மேலே போர்வை விழ விழ அடியில் உள்ள தண்ணீரின் அடையாளம் மங்கும். எவ்வளவு மங்குகிறது என்பதிலிருந்து போர்வையின் கனத்தைக் கணக்கிடலாம்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது, ஈர்ப்பு. காற்று துருவத்தில் போய்க் குவிந்தால் கிரகத்தின் எடை கொஞ்சம் இடம் மாறும். சுற்றுகிற கலத்தின் பாதை மிக மிக லேசாக அசையும். பூமிக்கு வருகிற ரேடியோ அலையில் அந்த அசைவைப் பிடித்துவிடுகிறார்கள். இப்படி எடை போட்டதில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடக்கே சுமார் 3 லட்சம் கோடி டன், தெற்கே சுமார் 4 லட்சம் கோடி டன் பனி சேர்கிறது. தெற்கே அதிகமாவதற்குக் காரணம், செவ்வாய் சூரியனுக்குத் தொலைவில் மெதுவாகப் போகிற சமயத்தில்தான் அங்கே குளிர்காலம். நீளமான குளிர்காலம்.

ஐந்துரோடு | 31 மார்ச், இரவு 9.45

எல்லாம் சரி டீச்சர். நானும் சும்மா இருக்கவில்லை, தேடிப் படித்தேன். பருவத்தை விடுங்கள். தென் துருவத்தில் கோடையிலும் போகாத டிரை ஐஸ் இருக்கிறதாம். அதில் குழி விழுந்து, குழியின் ஓரம் செவ்வாய் ஆண்டுக்கு 3 மீட்டர் வரை பின்வாங்குவதை மார்ஸ் குளோபல் சர்வேயர் கேமராவே 2001-இல் காட்டிவிட்டதாம். கோடையைக் கோடையோடுதான் ஒப்பிட்டிருக்கிறார்கள், மேட்டூர்க்காரர் சொன்ன மாதிரியே. இதற்கு என்ன பதில்?

தட்டுவடைசெட் | 31 மார்ச், இரவு 9.50

ஓஹோ, ஐந்துரோடு அண்ணன் வீட்டுப்பாடம் செய்திருக்கிறார்.

வெள்ளைக்கல் | 1 ஏப்ரல், காலை 7.20

நல்ல கேள்வி, மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அந்த அளவு உண்மை. படத்தைப் பார்த்தால் ஆப்பத்தில் ஓட்டை விழுந்த மாதிரி வட்ட வட்டக் குழிகள். ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் நடுவே ஓரங்கள் நகர்ந்திருக்கும்.

ஆனால் குவாரி ஓரம் பின்வாங்குவதை மட்டும் பார்த்து இருப்பு குறைந்தது என்று நான் ரிப்போர்ட் எழுதினால் மேனேஜர் திருப்பி அனுப்பிவிடுவார். தோண்டிய கல் எங்கே போயிற்று? பக்கத்திலேயே குவியலாக ஏறியிருக்கலாம். அந்தக் குழிகளின் செங்குத்துச் சுவர்தான் சாய்ந்த வெயிலை நேராக வாங்குகிறது, அதனால் சுவர் தேய்கிறது. தட்டையான மேற்பரப்பிலோ புதிதாகப் பனி படியலாம். அந்தப் படலம் முழுவதுமே எட்டு பத்து மீட்டர் தடிமன்தான். அடியில் தண்ணீர்ப் பனி. கூட்டிக் கழித்து நிகரம் என்ன என்பதுதான் கேள்வி.

நிகரம் பார்க்க நல்ல நந்தி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. டீச்சர் சொன்ன காற்றழுத்தம். அந்தப் பனி நிகரமாகக் குறைந்துகொண்டே போனால் போன வாயு காற்றில்தானே சேர வேண்டும்? வைக்கிங் அளந்தது 1976 முதல். அங்கே இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி 2012 முதல் அளக்கிறது. இன்சைட் கலம் 2018 முதல் 2022 வரை அளந்தது. இடத்தின் உயர வித்தியாசத்தைக் கழித்துவிட்டு ஒப்பிட்டால், நாற்பது வருட இடைவெளியில் சொல்லிக்கொள்ளும்படியான ஏற்றம் தெரியவில்லை.

பௌதிக டீச்சர் | 1 ஏப்ரல், மாலை 5.30

சூரியனைப் பற்றியும் முடித்துவிடுகிறேன். சூரியன் சூடாகிறதா என்று பார்க்கச் செவ்வாய்க்குப் போக வேண்டியதில்லை, சூரியனையே அளக்கலாம். 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்து வருகின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடிக் குறைகிறது. மேல்நோக்கிய போக்கு இல்லை. செவ்வாயில் வருடத்துக்கு வருடம் பெரிய மாற்றம் செய்வது தூசி. 2001, 2007, 2018-இல் கிரகம் முழுவதையும் மூடிய தூசிப்புயல்கள் வந்தன. வெள்ளைப் பனியின் மேல் தூசி படிந்தால் அது வெயிலைக் குடிக்கும், சீக்கிரம் போகும். நம் வீட்டு மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கிற கணக்குதான்.

பூமியிலும் அதே கருவிகள்தான். லேசர் உயரமானி வைத்த ஐஸ்சாட், ஈர்ப்பை அளந்த கிரேஸ் என்ற செயற்கைக்கோள்கள். கிரீன்லாந்தில் அவை காட்டியது வருடக் கணக்கில் தொடர்ந்த நிகர நஷ்டம்.

ஐந்துரோடு | 1 ஏப்ரல், இரவு 8.02

சூரியன் வாதத்தை விட்டுவிடுகிறேன். காற்றழுத்தம் பற்றிச் சொன்னது நறுக்கென்று இருந்தது. கார் விஷயத்தில் இன்னும் எனக்குச் சந்தேகங்கள் உண்டு, அதை வேறு இழையில் பேசுவோம்.

தட்டுவடைசெட் | 1 ஏப்ரல், இரவு 8.40

எல்லோரும் கேமராவை ஓரங்கட்டிவிட்டீர்கள். நான் அதன் கட்சி. எம்ஆர்ஓ-வில் உள்ள ஹைரைஸ் கேமரா 300 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு சாப்பாட்டு மேஜை அளவுப் பொருளைக் காட்டும். 2008 பிப்ரவரி 19 அன்று வட துருவத்தில் 700 மீட்டர் உயரச் செங்குத்துச் சரிவைப் பனி இருக்கிறதா என்று பார்க்கப் போய், பனிச்சரிவு விழுந்துகொண்டிருக்கும்போதே புழுதியோடு படம் பிடித்துவிட்டது. ஏற்காடு மலைப்பாதையில் பாறை உருண்டால் நாங்கள் வீடியோ எடுப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

இன்னொன்று, தென் துருவத்தில் வசந்தத்தில் வருகிற "சிலந்திகள்". டிரை ஐஸ் கண்ணாடி மாதிரி இருப்பதால் வெயில் ஊடுருவி அடியில் உள்ள மண்ணைச் சூடாக்கும். அடிப்பக்கம் ஆவியாகும், வெளியே வர வழி இருக்காது. அழுத்தம் ஏறி எங்காவது பிளந்து, குக்கர் விசில் மாதிரி வாயு தூசியோடு பீறிடும். மேலே கறுப்பு விசிறிகள், அடியில் சிலந்திக் கால்கள் மாதிரி வாய்க்கால்கள். அந்த விசிறிகளைப் படத்தில் குறித்துக் கொடுக்கப் பொதுமக்களைக் கூப்பிட்டு 2013-இல் பிளானட் ஃபோர் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் நான் நூற்றுக்கணக்கில் குறித்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

நம் மங்கள்யானை யாரும் சொல்லவில்லையே?

வெள்ளைக்கல் | 1 ஏப்ரல், இரவு 9.15

மங்கள்யானுக்கு வேலை வேறு. கிட்ட வந்தால் சில நூறு கிலோமீட்டர், எட்டப் போனால் 70,000-க்கும் மேல், அப்படி நீண்ட பாதை. துருவத்தைத் தினம் பலமுறை கடக்கிற பாதை இல்லை. ஆனால் எட்டத்தில் நிற்கும்போது முழுக் கிரகத்தையும் ஒரே சட்டத்தில் எடுக்க முடிந்தது. கிட்ட நிற்கிறவர்களுக்கு அது வாய்க்காது. 2014 செப்டம்பர் 24 முதல் 2022 வரை, ஆறு மாதத்துக்கென்று போன கலம் எட்டு வருடம் உழைத்தது. அது போதும்.

எங்கள் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை, வயதானவன் ஆசை. வெள்ளைக்கல் என்பது மக்னீசியம் கார்பனேட். சூளையில் சுட்டால் நூறு கிலோ சுத்தமான கல்லில் 52 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். செவ்வாயில் நிலி ஃபோசே என்ற பகுதியில் இதே மக்னீசியம் கார்பனேட் இருப்பதை எம்ஆர்ஓ 2008-இல் கண்டது. அங்கேயும் கொஞ்சம் காற்று கல்லுக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஏற்காடு போகிற வழியில் வெள்ளையாகத் தெரிகிற குவாரியைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது அந்த நினைப்புதான்.

காப்பித்தோட்டம் | 2 ஏப்ரல், இரவு 7.50

ஐயா, நோட்டை எடுத்து அளந்தேன். ஜனவரியில் வட்டம் போட எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்திருக்கிறேன், 70 மில்லிமீட்டர். மார்ச்சில் செவ்வாய் தூரமாகிக் கிரகமே சின்னதாகத் தெரிந்ததால், யோசிக்காமல் திருநீற்று டப்பா மூடியை எடுத்திருக்கிறேன். அது 45. பாதி மாற்றத்தை நானே மூடி மாற்றி உண்டாக்கியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. முதல் பதிவைத் திருத்தாமல் அப்படியே விடுகிறேன்.

வெள்ளைக்கல் | 2 ஏப்ரல், இரவு 8.25

வெட்கப்பட ஒன்றும் இல்லை, வட்டத்தின் அளவு நோட்டில் இருக்கிறதே, அதுவே பெரிது. 70-க்கு 29, அதாவது 0.41. 45-க்கு 13, அதாவது 0.29. இந்தப் பங்குதான் பனி ஓரத்தின் அட்சரேகைக்குக் கோசைன். அட்டவணையில் பார்த்தால் பனியின் ஓரம் ஜனவரியில் 66-ஆவது அட்சரேகை வாக்கில், மார்ச்சில் 73 வாக்கில். செவ்வாயில் ஒரு டிகிரி 59 கிலோமீட்டர். எழுபது நாளில் 400 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. நாளுக்கு 6 கிலோமீட்டர். பென்சில் கோட்டின் தடிமனுக்கு ஒரு டிகிரி முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டுவடைசெட் | 2 ஏப்ரல், இரவு 8.31

நாளுக்கு 6 கிலோமீட்டரா? கொண்டை ஊசி வளைவில் எங்கள் டவுன் பஸ் அதை விடக் கொஞ்சம்தான் வேகம்.

பௌதிக டீச்சர் | 2 ஏப்ரல், இரவு 9.40

காலண்டரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செவ்வாயின் ஆண்டு 687 நாள். மார்ச் 29-உடன் 687-ஐக் கூட்டினால் 2027 பிப்ரவரி 14 வருகிறது. அன்று செவ்வாயில் அதே பருவம், அதே நாள். பிப்ரவரி 19 அன்று எதிர்நிலை, அதாவது பூமிக்கு ஒரு பக்கம் சூரியன், நேர் எதிர்ப் பக்கம் செவ்வாய். ஆகவே அந்த முறை அது தள்ளிப்போய்ச் சிறுத்திருக்காது, மகத்துக்குப் பக்கத்தில் இரவு முழுக்கப் பளிச்சென்று நிற்கும். மே மாதத்தை மே மாதத்தோடு வைக்கலாம்.

காப்பித்தோட்டம் | 2 ஏப்ரல், இரவு 9.58

குறித்துக்கொண்டேன் டீச்சர். டம்ளரில் "தொடாதே" என்று எழுதி நோட்டோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். வீட்டில் ஒரு டம்ளர் குறைகிறது என்று இப்போதே கேள்வி வந்துவிட்டது.